செருமல் தொண்டையில், காரணம் மூக்கில்

தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை செருமிவிட்டால் போய்விடும் என்று தோன்றுகிறது. செருமினால் சற்று நேரம் தேவலை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே. துப்பிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படி நாள் முழுக்கச் செருமிக்கொண்டே வேலை பார்ப்பவர்களை எங்கும் பார்க்கலாம். கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் பாடம் நடத்தும் ஆசிரியர், அறந்தாங்கிப் பேருந்தில் டிக்கெட் கொடுக்கும் நடத்துநர், அறுவடைக் களத்தில் நிற்கும் விவசாயி, திருவிழா மேடையில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் போடும் கலைஞர் என்று பட்டியல் நீளும். வீட்டில் கேட்டால், “அது அவருக்குப் பழக்கமாப் போச்சு” என்பார்கள். அவரும் இருமல் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுவார்.

இவர்களில் பலருக்குக் கோளாறு தொடங்கும் இடம் தொண்டை அல்ல, மூக்கு. மூக்கில் இருக்கும் ஒவ்வாமையைக் கவனிக்காமல் தொண்டைக்கு மட்டும் மருந்து தேடுவதால்தான் செருமல் நிற்பதில்லை. இது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். காரணம் விளங்கினால் வைத்தியம் பாதி முடிந்த மாதிரி.

செருமும்போது நடப்பது

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பேசும்போது அவை மெல்ல நெருங்கி, ஆணுக்கு நொடிக்குச் சுமார் 100 முறையும் பெண்ணுக்கு 200 முறையும் அதிர்கின்றன. அந்த அதிர்வுக்கு மேலே ஈரப்பசை வேண்டும். மெல்லிய சளிப்படலம்தான் அந்த ஈரத்தைத் தருகிறது.

செருமும்போது இதே நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. அடியில் காற்றழுத்தம் ஏறுகிறது. பிறகு அந்தக் காற்று நாண்களை உரசிக்கொண்டு வெடித்து வெளியேறுகிறது. எப்போதாவது ஒருமுறை என்றால் தீங்கில்லை. நாளெல்லாம் செய்தால் நாண்களின் ஓரம் சிவந்து வீங்குகிறது. வீங்கிய இடத்தில் ஏதோ இருப்பதாக மூளைக்குத் தகவல் போகிறது. உரசப்பட்ட இடத்தைக் காப்பாற்ற உடல் இன்னும் கொஞ்சம் சளியைச் சுரக்கிறது. அதை அகற்ற மறுபடியும் செருமுகிறோம். முதல் காரணம் எதுவானாலும், செருமலே அடுத்த செருமலுக்குக் காரணமாகிவிடுகிறது. இந்தச் சுழலை அறுக்காமல் எந்த மருந்தும் முழுப் பலன் தராது.

சரி, அந்த முதல் செருமலை எது தூண்டுகிறது?

மூக்கிலிருந்து தொண்டைக்கு

மூக்கும் சைனஸ் அறைகளும் ஆரோக்கியமான மனிதரிடமே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்குச் சளிநீரைச் சுரக்கின்றன. நீர் தெளித்த வாசலில் புழுதி அடங்குவதுபோல, இழுக்கும் காற்றிலுள்ள தூசியும் மகரந்தமும் கிருமியும் அந்த ஈரத்தில் படிந்துவிடுகின்றன. மூக்கின் உட்சுவரில் உள்ள நுண்ணிய இழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, இந்தப் படலத்தைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அது மேல்தொண்டை வழியாக இறங்கி, நாம் அறியாமலே விழுங்கப்பட்டு வயிற்றுக்குள் போய், அங்குள்ள அமிலத்தில் அழிகிறது. ஆகவே மூக்குச்சளி தொண்டைக்கு வருவது நோயல்ல. அதன் அளவோ தன்மையோ மாறும்போதும், தொண்டையின் உணர்ச்சி கூடும்போதும்தான் அது நமக்குத் தட்டுப்படுகிறது. ஒவ்வாமை இந்த மூன்றையும் செய்யவல்லது.

உடல் ஏன் எதிரியாகப் பார்க்கிறது

1906-ஆம் ஆண்டில் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: ஒரு பொருளை ஒருமுறை சந்தித்த உடல், அடுத்த முறை அதே பொருளிடம் வேறு விதமாக நடந்துகொள்கிறது, அந்த மாற்றம் காப்பாகவும் இருக்கலாம், கெடுதலாகவும் இருக்கலாம். அந்தக் கெடுதலின் கருவி எது என்பது தெரிய அறுபது ஆண்டுகள் ஆயின. 1960-களின் பிற்பாதியில், அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிசாகாவும் டெருகோ இஷிசாகாவும், சுவீடனில் ஜோஹான்சனும் பென்னிக்கும், தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். அதுவே ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புப் புரதம்.

ஒவ்வாமை இயல்புள்ளவர் ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப மூச்சில் இழுக்கும்போது, அதற்கென்றே தனி ஐ.ஜி.ஈ. அவர் உடலில் உருவாகிறது. அது மூக்கின் உட்சுவரில் உள்ள ‘மாஸ்ட்’ அணுக்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த முறை அதே பொருள் வந்து ஒட்டிய சில நிமிடங்களில் மாஸ்ட் அணு தன்னுள் இருக்கும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டுகிறது. ஹிஸ்டமின் நரம்பைச் சீண்டினால் அரிப்பும் தும்மலும். சுரப்பிகளைத் தூண்டினால் நீரொழுகல். ரத்தக் குழாய்களை விரித்தால் மூக்கடைப்பு.

இதோடு முடிவதில்லை. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருகிறது. ஈசினோபில் முதலிய வெள்ளணுக்கள் மூக்கில் வந்து குவிகின்றன. இப்போது தும்மல் குறைவு. வீக்கமும் கெட்டியான சளியும்தான் அதிகம். காலையில் பரண் துடைத்தவர் இரவில் மூக்கடைத்துத் தவிப்பதும், மறுநாள் எழுந்ததும் செருமத் தொடங்குவதும் இதனால்தான். அதற்குள் பரணை அவர் மறந்துவிடுகிறார். முந்தைய இரவு சாப்பிட்ட தயிர்மேல் பழி விழுகிறது. தொடர்ந்து சில நாள் தூசியில் இருந்தால் மூக்கு இன்னும் சுருக்கென்று சினந்துகொள்ளும் நிலைக்கு வருகிறது. முன்பு பிடி தூசிக்கு வந்த தும்மல் அப்புறம் சிட்டிகைக்கே வரும்.

இனி தொண்டைக்கு வருவோம். ஒவ்வாமை மூக்கு தொண்டையைச் செரும வைப்பது பல வழிகளில். முதலாவது, கூடுதலான அல்லது கெட்டியான சளி பின்பக்கமாக வழிந்து குரல்வளை மேல் நிற்பது. இரண்டாவது, மூக்கு அடைத்ததால் வாயால் மூச்சு விடுவது; ஈரமாகாத, வடிகட்டப்படாத காற்று நேரே தொண்டைக்குப் போய் அதை உலர்த்துகிறது, உலர்ந்த சளி ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது, அண்ணத்திலும் தொண்டையிலும் எடுக்கும் அரிப்பு. குழந்தைகள் நாக்கால் அண்ணத்தை உரசி ‘க்ர்ர்’ என்று ஒலியெழுப்புவது இந்த அரிப்பைத் தீர்க்கத்தான். நான்காவது நுட்பமானது. அழற்சி நீடித்தால் தொண்டை நரம்புகளின் உணர்ச்சி கூடிவிடுகிறது. அப்போது வழக்கமான அளவுச் சளிகூடப் பெரிய கட்டியாகத் தெரியும். சில வேளைகளில் எதுவுமே இல்லாமலும் இருப்பதாகத் தோன்றும். இதனால்தான் 2006-இல் அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி, மூக்குநீர் வடிவதால் வரும் இருமல் என்று அதுவரை வழங்கிய பெயரை மாற்றி, மேல் சுவாசப்பாதை இருமல் தொகுதி என்று வைத்தது. வடிவது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, நரம்பின் சினமும் காரணமாகலாம் என்பதே அவர்கள் கருத்து.

நம் மாவட்டத்துக் காற்றில்

ஆண்டு முழுவதும் இருப்பது தூசி உண்ணி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிர். 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள்தாம் வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இதுவே முக்கியக் காரணம் என்று நிறுவினார்கள். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிள்தான் இதன் உணவு. காற்றின் ஈரம்தான் இதன் குடிநீர். இலவம்பஞ்சுத் தலையணையும் பழைய மெத்தையும் மடித்து வைத்த கம்பளியும் இதற்குச் சொர்க்கம். ஒவ்வாமை தருவது உண்ணியைவிட அதன் எச்சம்தான். தலையணையைத் தட்டிப் போடும்போது அது பறந்து மூக்குக்குள் போகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டு வீட்டுச் சுவர் ஊறிக் கறுக்கும்போது பூஞ்சைகள் வித்துகளைக் காற்றில் விடுகின்றன. பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகளின் கதை தனி. ராயவரம், கடியாபட்டி, பனையப்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வீட்டைத் திறந்து, இரண்டாம் கட்டு அறையில் பாத்திரங்களை எடுத்து, பாய்களை உதறி, ஒட்டடை அடிக்கும் நாளில், பல காலம் சேர்ந்த உண்ணி எச்சமும் பூஞ்சை வித்தும் கரப்பான்பூச்சியின் துகளும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. கூலிக்கு வந்து ஒட்டடை அடிப்பவர்தான் அதை அதிகம் இழுக்கிறார்.

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் விளையும் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கங்களில் தை, மாசியில் சம்பா அறுவடை. அறுப்பு இயந்திரம் ஓடும் வயலில் எழும் தூசியில் உமித்துகள், வைக்கோல் துணுக்கு, அவற்றில் வளர்ந்த பூஞ்சை எல்லாம் கலந்திருக்கும். பனியில் நனைந்த வைக்கோலைப் போர் போட்டு, பிறகு பிரித்து மாட்டுக்குப் போடும்போதும் இதே கதைதான்.

மகரந்தத்தில் ஒரு பொது விதி உண்டு. கீரமங்கலம் பூச்சந்தையில் குவியும் மல்லிகை போன்ற மணமுள்ள மலர்கள் பூச்சிகளை நம்பி வாழ்பவை. அவற்றின் மகரந்தம் கனமானது, காற்றில் அதிகம் அலைவதில்லை. மணம் சிலருக்கு மூக்கை உறுத்தலாம், அவ்வளவுதான். ஆபத்து, யாரும் கவனிக்காத பூக்களில் இருக்கிறது: புல் இனங்கள், வேலியோரத்துப் பார்த்தீனியம், தரிசெங்கும் மண்டிய சீமைக் கருவேலம். சீமைக் கருவேல மகரந்தம் இந்தியாவில் ஒவ்வாமை தருவதாக உறுதிசெய்யப்பட்ட ஒன்று.

உறுத்தல் வேறு, ஒவ்வாமை வேறு

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டை வரும்போது முந்திரி வறுக்கும் வாசனை பேருந்துக்குள்ளேயே வந்துவிடும். கொட்டையை அடுப்பில் இட்டு வறுக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து தீப்பற்றும், கரும்புகை சுருண்டெழும். அந்த எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலையே புண்ணாக்கக்கூடியவை. அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளறும் பெண்கள் செருமுவது ஒவ்வாமையால் என்று சொல்ல முடியாது. அது எரிச்சல். அந்தப் புகை யார் தொண்டையையும் உறுத்தும், அதற்கு ஐ.ஜி.ஈ. தேவையில்லை. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, வாடிவாசல் புழுதி எல்லாம் இந்த வகை. ஆனால் ஒவ்வாமையால் ஏற்கெனவே வீங்கிய மூக்கை இவை மேலும் கெடுக்கும். இரண்டும் சேர்ந்த இடத்தில் செருமல் இரட்டிப்பாகும்.

திருமயம், இலுப்பூர், குளத்தூர் வட்டாரங்களில் கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்கள் “டஸ்ட் அலர்ஜி” என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொள்வது கவலைக்குரியது. கல்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தழும்பாக்குகிறது. சிலிகோசிஸ் என்னும் அந்த நோய் வந்தால் திரும்பாது. காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் அது கூட்டும். ஒவ்வாமை மாத்திரை இதற்குக் காப்பாகாது. முகத்தில் கட்டும் துண்டு பெரிய தூசியைத்தான் நிறுத்தும். நுண்தூசிக்கு என்-95 முகக்கவசமும், தூசி எழாமல் நீர் தெளிக்கும் ஏற்பாடும் வேண்டும். அதைச் செய்து தருவது முதலாளியின் கடமை.

ஒவ்வாமைதானா என்று அறிவது

செருமலோடு தொடர் தும்மல், மூக்கரிப்பு, கண்ணரிப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு இருந்தால், தூசியிலோ குறிப்பிட்ட பருவத்திலோ கூடினால், குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ கரப்பான் என்னும் தோல் நோயோ இருந்தால், ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பிள்ளைகளின் மூக்கின் நடுவே குறுக்குக் கோடு விழுந்திருக்கும். கண்ணுக்கடியில் கருமை தெரியும். வகுப்பில் “சும்மா சும்மா கனைக்காதே” என்று அந்தப் பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன் ஆசிரியர் இதைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஈசினோபில் கூடியிருப்பது மட்டும் ஆதாரமாகாது. குடற்புழு இருந்தாலும் அது கூடும்.

செருமல் எல்லாமே ஒவ்வாமை அல்ல என்பதும் அதே அளவு முக்கியம். வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைத் தொட்டாலும் செருமல் வரும். நெஞ்செரிச்சல் இல்லாமலேகூட வரலாம். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு வறட்டிருமலும் தொண்டை நமைச்சலும் வரும். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யப்படும் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தாலோ, விழுங்க வலித்தாலோ, எச்சிலில் ரத்தம் கண்டாலோ, குறிப்பாகப் புகையிலை போடுபவர்கள், ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்றை எல்லா வீடும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முந்திரியோ நிலக்கடலையோ, ஜெகதாப்பட்டினத்து இறாலோ நண்டோ சாப்பிட்ட சில நிமிடங்களில், அதுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று விடாமல் செருமத் தொடங்கினால், கூடவே தடிப்போ, உதட்டு வீக்கமோ, குரல் மாற்றமோ, மூச்சிரைப்போ இருந்தால், அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையின் முதல் அறிகுறி. குரல்வளை வீங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தொடையில் போடும் அட்ரீனலின் ஊசிதான் அதற்கு மருந்து.

என்ன செய்யலாம்

முதலில் படுக்கை. தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை நல்ல சூடான நீரில் துவைத்துச் சுள்ளென்ற வெயிலில் காயவைக்க வேண்டும். தலையணைகளையும் மெத்தையையும் வெயிலில் போடலாம். நம் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெயில் உண்ணியைக் கொல்லும். எச்சத்தை நீக்கத் துவைத்தாக வேண்டும். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். ஒட்டடை அடிக்கும் வேலையை ஒவ்வாமை உள்ளவர் செய்யாமல் இருப்பது இன்னும் மேல்.

அடுத்து, உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. கொதிக்கவைத்து ஆறிய 240 மில்லி நீரில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான உப்பு போதும். கொதிக்கவைத்த நீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குழாய் நீரையோ ஊருணி நீரையோ அப்படியே மூக்கில் விடக் கூடாது. தேங்கிய நீரில் வாழும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடும். 2024-இல் கேரளத்தில் அதனால் குழந்தைகள் இறந்தார்கள்.

மருந்தில் முதலிடம் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கு. புளூட்டிகசோன், மோமெட்டசோன் போன்றவற்றில் உடம்புக்குள் சேரும் அளவு மிகக் குறைவு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அடித்த அன்றே தெரியாது. முழுப் பலனுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்து, நடுச்சுவரை விட்டு விலக்கிக் காதுப் பக்கமாக அடிக்க வேண்டும். நேராக நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். செட்டிரிசின், லோராட்டடின் போன்ற மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் நன்றாகக் கட்டுப்படுத்தும், அடைப்பை அவ்வளவாக இல்லை. பழைய குளோர்பெனிரமின் தூக்கத்தைத் தரும். ஓட்டுநர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கிவிடும். ஆன்டிபயாட்டிக்குக்கு இங்கே வேலையே இல்லை. ஒவ்வாமை கிருமியால் வருவதல்ல.

இவற்றுக்கும் அடங்காதவர்களுக்குச் சிறு சிறு அளவில் ஒவ்வாப் பொருளையே கொடுத்து உடலைப் பழக்கும் முறை உண்டு. 1911-இல் லண்டனில் லியனார்ட் நூன் புல் மகரந்தத்தை வைத்துத் தொடங்கியது. மூன்று முதல் ஐந்து ஆண்டு தொடர வேண்டும். தூதுவளை ரசமும் ஆவி பிடிப்பதும் சளியை இளக்கி இதம் தரும். தாராளமாகச் செய்யலாம், சிறு பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்கு அருகில் விடாமல். தூசி ஒவ்வாமைக்காகப் பிள்ளையின் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்துவதில் பயனில்லை.

கடைசியாக, செருமலையே நிறுத்தப் பழக வேண்டும். செரும வேண்டும் என்று தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலை அழுத்தி விழுங்குங்கள். அதுவும் போதாவிட்டால், குரல் எழுப்பாமல் ‘ஹ்ஹ’ என்று காற்றை மட்டும் தள்ளி, உடனே விழுங்குங்கள். ஆசிரியர்களும் நாடகக் கலைஞர்களும் பங்குனி, சித்திரைத் திருவிழாக் காலம் தொடங்குவதற்கு முன்பே இதைப் பழகிக்கொண்டால் குரல் பிழைக்கும்.

புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. காது, மூக்கு, தொண்டைப் பிரிவும் அங்கே உண்டு. ஒரு மாதமாகச் செருமிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், பழக்கம் என்று விடாமல் அங்கே அழைத்துச் செல்லுங்கள். தொண்டையைக் காட்டும்போது மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.